கல்லில் படுத்திருந்தவள்

அக்கா தூங்குவதை நிறுத்திவிட்டாள்.

தூக்கம் வராமல் இல்லை. வந்த தூக்கத்தை அவள் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாள். கண் சொக்கும்போது கன்னத்தில் தட்டிக்கொண்டாள். படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் முகம் கழுவப் போகாமல், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஈரத் துணியால் இமைகளை ஒற்றிக்கொண்டாள்.

காரணம் எனக்கும் அத்தானுக்கும் தெரியும். முதல் குழந்தை அவள் தூங்கும்போதுதான் போனது. நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் வயிறு அமைதியாக இருந்தது. அவ்வளவுதான். முழித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். தெரிந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் விளக்கினார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை.

இப்போது எட்டாம் மாதம். அவளுடைய ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. தூங்காவிட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். தூங்கினால் ஆபத்து என்று அக்கா. அத்தானும் நானும் நடுவில் நின்றோம்.

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். விடுப்பில் இருந்தாலும் அந்தக் குரல் விடுப்பில் போகவில்லை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்பாள், தலையணையில் சாய்ந்தபடி. "வர வேண்டிய தூக்கம் காலவரையின்றி ரத்து செய்யப்பட்டுள்ளது. ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்."

"சிரிக்கிற விஷயமாடி இது?" என்பார் அத்தான். அவர் பேருந்து ஓட்டுநர். ஷிஃப்ட் முடிந்து வந்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிடுவார். பாதி பிடிக்கும்போதே அவர் தூங்கிப்போவார். அக்கா குனிய முடியாமல் குனிந்து அவர் தோளைத் தட்டுவாள். "ஒரு ஆள் தூங்கினா போதுமா, ஒரு வீட்டுக்கு?"

நான் அவர்களோடுதான் இருந்தேன். மூன்றாம் மாடி. என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் கட்டில். அவள் கிண்ணத்தில் துணியைப் பிழியும் சத்தம் எனக்குக் கேட்கும்.

* * *

நான் வேலை செய்வது அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில். படித்தது நிலவியல். வேலை, உடைந்த கல் சிலைகளைச் சுத்தம் செய்து, ஒட்டி, மேலே காட்சிக்கு அனுப்புவது. "மலையைப் பத்திப் படிச்சிட்டு இப்ப தூசி தட்டுறே" என்று அக்கா சொல்வாள். சரிதான். ஆனால் எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. யாரும் அதிகம் பேசச் சொல்ல மாட்டார்கள்.

ஜன்னல்கள் கூரைக்குப் பக்கத்தில் இருந்தன. அவற்றின் வழியே தெருவில் போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். மதிய வெயில் அந்த ஜன்னல்கள் வழியே சாய்ந்து இறங்கும்போது, நடப்பவர்களின் கால் நிழல்கள் என் மேஜைமேல் இருக்கும் சிலைகளைத் தாண்டிக்கொண்டே போகும். சில நேரம் சிலைகள்தான் நடக்கின்றன என்று தோன்றும்.

என்னோடு வேலை செய்தவரைப் பசை என்று கூப்பிடுவார்கள். பசை கலக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குமேல் அவருக்கு ஒரு பெயர் இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவரும் மறந்திருக்கலாம்.

"கல்லை ஒட்டிடலாம் தங்கச்சி," என்பார். "நானும் என் தம்பியும் பேசிக்கிறதில்ல. அதுக்குத்தான் எந்தக் கரைசலும் சரியா வரல."

அந்த வாரம் என் மேஜைக்கு ஒரு கற்பலகைச் சிற்பம் வந்தது. கட்டிலில் ஒருவர் பக்கவாட்டில் படுத்திருக்கிறார். ஒரு கை தலைக்கு அடியில். கால்மாட்டில் சின்ன உருவம் ஒன்று, கன்னத்தருகே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கட்டிலுக்கு மேலே உடைந்து போயிருந்தது. படுத்திருந்தவரின் முகமும் மார்பும் தேய்ந்து, ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. பழைய சீட்டில் 'மரணக் காட்சி' என்று இருந்தது. பழைய கல்லில் யாராவது படுத்திருந்தால் பெரும்பாலும் அது ஒரு ஞானியின் இறுதி நேரமாக இருக்கும். கால்மாட்டில் இருப்பவர் அழுகிறார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பஞ்சுச் சுருளைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, தேய்க்காமல், உருட்டி உருட்டித்தான் சுத்தம் செய்ய வேண்டும். தேய்த்தால் அழுக்கு கல்லுக்குள் இறங்கிவிடும். அப்படி உருட்டிக்கொண்டிருந்தபோது கல் நனைந்து நிறம் மாறியது. மங்கிய சாம்பலுக்குள் இருந்து ஒரு பழுப்பு இழை எழுந்து வந்தது. இரும்பு கலந்த இழை. கட்டில் காலில் தொடங்கி, படுத்திருந்தவரின் வயிற்றைக் கடந்து, மேலே உடைப்பு வரை போய் நின்றது. கல் காய்ந்ததும் மறைந்துவிட்டது.

மறுபடியும் நனைத்தேன். மறுபடியும் வந்தது.

அந்த இழையை நான் வேறு எங்கோ பார்த்திருந்தேன். அலமாரியின் கீழ்த் தட்டில் 'விலங்குகள், சிறு துண்டுகள்' என்று ஒரு பெட்டி இருந்தது. ஏதோ கோயில் சுவர் வரிசையிலிருந்து உதிர்ந்தவை என்று நினைத்து ஒதுக்கி வைத்த பெட்டி. அதிலிருந்து கையளவு யானை ஒன்றை எடுத்து நனைத்தேன். யானையின் வயிற்றில் அதே பழுப்பு இழை, அதே சாய்வில்.

யாரிடமும் சொல்லவில்லை. யானையைக் கட்டிலுக்கு மேலே, உடைப்போடு வைத்துப் பார்த்தேன். இரண்டு உடைந்த பரப்புகள் சரியாகச் சேரும்போது ஒரு சத்தம் வரும். காதுக்குக் கேட்காது. விரல் நுனிக்குத்தான் கேட்கும். அது கேட்டது.

பசை தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"செத்தவர் தலைமேல யானை எதுக்கு நடக்குது?"

"செத்தவங்க இல்லைன்னு நினைக்கிறேன் அண்ணா."

"அப்புறம்?"

"தெரியல. மேடத்தைக் கூப்பிடுங்களேன்."

"நீயே கூப்பிடு. கடிச்சிட மாட்டாங்க."

நான் கூப்பிடவில்லை. அவர்தான் கூப்பிட்டார். எங்கள் பிரிவின் தலைவியான மேடம் பாதி கடித்த ஆப்பிளோடு வந்தார். யானையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். எருது, சிங்கம் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தவர் திடீரென்று சிரித்துவிட்டார்.

"அடக் கடவுளே. தூங்கிட்டிருக்கிற பொண்ணை இத்தனை வருஷமா செத்துட்டான்னு எழுதி வச்சிருக்கோம்!"

இது சமணச் சிற்பம் என்றார். தீர்த்தங்கரர் கருவில் வந்து தங்கும் இரவில் ராணியான அவர் தாய் கனவுகள் காண்கிறாள். வெள்ளை யானை, எருது, சிங்கம், யானைகள் நீராட்டும் திருமகள், மாலைகள், நிலா, சூரியன் என்று ஒன்றன்பின் ஒன்றாக. சிற்பி அவளைப் படுக்கவைத்து, கனவுகளை மேலே செதுக்குவான். சமணத்தில் ஒரு மரபு பதினான்கு கனவுகள் என்கிறது, இன்னொரு மரபு பதினாறு என்கிறது. கால்மாட்டில் இருப்பவள் பணிப்பெண். அழவில்லை. அவள் கையிலிருந்த சாமரம் உடைந்து, கை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"எல்லாத் துண்டையும் தேடிப் பிடி," என்றார் மேடம். "இவ கண்ட கனவையெல்லாம் இவகிட்டயே திருப்பிக் கொடுத்துடுவோம்."

* * *

வீட்டில் நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பவள். அன்று நானே பேச்சைத் தொடங்கியதில் அக்கா துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"பொம்பளையா அது?"

"ஆமா."

"வயித்துல பிள்ளையோட?"

"ஆமாக்கா."

"தூங்குறாளா?"

"தூங்குறா."

"கொடுத்து வச்சவ," என்றாள் அக்கா. பிறகு, "யானைக்கு என்ன அர்த்தம்?"

"எல்லாரையும்விடப் பெரியவனா வருவான்னு."

"எங்க வீட்டு வாசப்படியில நுழைஞ்சா போதும். அப்புறம்?"

"எருது. அறத்தோட பாரத்தை இழுப்பான்."

"அது உங்க அத்தான். தினமும் ஒரு பஸ்ஸையே இழுக்குறாரு."

அடுத்த அறையில் இருந்து அத்தான், "கேக்குது," என்றார்.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் வந்து கை கழுவுவதற்குள் அக்கா கேட்பாள்: "எலி, இன்னைக்கு எது வந்துச்சு?" சின்ன வயதில் நான் மூலைகளில் ஒளிந்துகொள்வேன் என்பதால் எனக்கு எலி என்று பெயர்.

நிலா வந்தது. பாதிதான் வந்தது. மீதிப் பாதியைக் காணவில்லை. சிங்கத்துக்கு வால் கிடைத்தது. ஒரு நாள் தாமரைப் பொய்கை என்று நினைத்து ஒரு துண்டை வைத்தேன். கீழ்நோக்கித் தொங்கும் இதழ்கள். உடைப்பு மட்டும் எங்கும் சேரவில்லை. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். பசை எட்டிப் பார்த்து, துண்டைத் தலைகீழாகத் திருப்பினார். இதழ்கள் மேல்நோக்கி எழுந்தன. தீநாக்குகள். பலகையின் கடைசி மூலையில் போய் அது தானாக உட்கார்ந்தது.

"நெருப்பைக் கவுத்து வச்சு தாமரைங்கிறியே தங்கச்சி."

நான் காது மடல் வரை சிவந்திருப்பேன்.

"புகையில்லாத நெருப்பு," என்று அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். "அதுதான் கடைசிக் கனவு. அவன் தன்னோட வினையையெல்லாம் எரிச்சிடுவான். மிச்சம் எதுவும் இருக்காது. அதனாலதான் புகை இல்லை."

"புகையில்லாத நெருப்பா?" அக்கா யோசித்தாள். "கேஸ் அடுப்பு."

அத்தானே சிரித்துவிட்டார். அந்த மாலை அக்காவின் இமைகள் தானாகத் தாழ்ந்தன. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. நானும் அத்தானும் அசையவில்லை. பிறகு அவள் உதறிக்கொண்டு கண்ணைத் திறந்து, எங்கள் இருவரையும் குற்றவாளிகளைப்போல் பார்த்தாள். ஈரத் துணியைத் தேடினாள்.

"அந்த ராணி," என்றாள், இமைகளை ஒற்றியபடி. "கனவெல்லாம் கண்டு முடிச்சு எழுந்தாளே. அப்புறம் மறுபடியும் தூங்கினாளா?"

மேடம் கொடுத்த புத்தகத்தில் அதைப் படித்திருந்தேன். மகாவீரரின் தாயைப் பற்றியது. கனவுகள் முடிந்து எழுந்தவள், மறுபடி தூங்கினால் ஏதாவது கெட்ட கனவு வந்து நல்ல கனவுகளைக் கெடுத்துவிடும் என்று பயந்து, விடியும்வரை நல்ல கதைகள் கேட்டபடி முழித்தே இருந்தாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் கல்லூரியில் பழக்கியிருந்தார்கள். சொன்னேன்.

அக்கா துணியைக் கீழே வைத்தாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. அப்படி ஒரு நிம்மதியை அதில் பார்த்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

"பாத்தியா," என்றாள். "ராணியே தூங்கல."

"ஒரு ராத்திரிதான்க்கா. அதுவும் அது பதினாலு கனவு சொல்ற மரபோட புத்தகம். இந்தப் பலகையைச் செதுக்கினவங்க எந்த மரபோ..."

"தாய் தாய்தானேடி. எந்தப் புத்தகத்துல இருந்தா என்ன?"

அத்தான் எழுந்து சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினார்.

"கண்ணு செருகுச்சும்மா அவளுக்கு. நீயே பாத்தே. உன் கல்லுப் பொம்பளை இப்ப எதுக்கு எங்க வீட்டுக்குள்ள வந்தா?"

குழாயை மூடினேன்.

* * *

அன்றிலிருந்து அக்கா இன்னும் உறுதியாக முழித்திருந்தாள். முன்பு அது பயமாக இருந்தது. இப்போது ஒரு விரதத்தைப்போல் ஆகிவிட்டது. அவள் கண்களைச் சுற்றிக் கருமை இறங்கியது. பேசும்போது சொற்களுக்கு நடுவே எங்கோ போய்த் திரும்பி வந்தாள். மறுபடி அழுத்தம் பார்த்த டாக்டர், வாரக் கடைசிக்குள் குறையாவிட்டால் மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்றார்.

எனக்கும் தூக்கம் போயிருந்தது. கண்ணை மூடினால் துணி பிழியும் சத்தம். அடித்தளத்தில் பஞ்சை உருட்டிக்கொண்டிருக்கும்போதே சொக்கிவிடுவேன். ஒரு மதியம் அப்படித்தான். இரண்டு மீன்கள் கிடைத்திருந்தன. கட்டைவிரல் அளவு. ஒன்றின் வாயை ஒன்று தேடிச் சுற்றும் மீன்கள். மீன்கள் இருந்தால் பதினாறு கனவு மரபு என்று மேடம் மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் அவற்றை மணல் தட்டில் படுக்கவைத்து நனைத்தேன். வெயில் சாய்ந்து இறங்கியது. மேஜைமேல் கால் நிழல்கள் போயின, வந்தன.

நனைந்த மீன் நகர்ந்தது.

எனக்கு ஆச்சரியமாக இல்லை. மணல் தட்டு முழுக்கத் தண்ணீராக இருந்தது. பலகை எங்கள் வீட்டு அறையாக இருந்தது. அக்கா கல் கட்டிலில் படுத்து, மைக்கைப் பிடித்திருந்தாள். "யானை முதலாம் நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது," என்றாள். யானை மூன்றாம் மாடிக்குப் படியேறி வந்தது. மிதியடியில் நான்கு பாதங்களையும் துடைத்துவிட்டு உள்ளே வந்தது. அடுத்து எருது. அத்தானின் தொப்பியைப் போட்டிருந்தது. நிலா பாதியாகத்தான் வந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கதவோரம் நின்றது. எல்லாம் சத்தமில்லாமல் கட்டிலுக்கு மேலே ஏறி, தங்கள் இடங்களில் அமர்ந்தன. அறை நிறைந்துவிட்டது. அப்போதும் அக்கா கண்ணை மூடவில்லை. "இன்னும் ஒண்ணு வரல," என்றாள், மைக் இல்லாமல், தன் சொந்தக் குரலில். "எலி, இன்னும் ஒண்ணு வரலடி."

பசை என் தோளைத் தொட்டார்.

"தங்கச்சி. உனக்குப் போன். உங்க அக்கா."

கையைத் துடைக்காமலே வாங்கினேன்.

"எலி," என்றாள் அக்கா. "அசையல."

"எப்போல இருந்து?"

"காலையில இருந்து. எனக்குச் சரியாத் தெரியல. நான் கண்ணசந்துட்டேன் போலிருக்கு. கொஞ்ச நேரம்தான். சத்தியமாக் கொஞ்ச நேரம்தான்டி. முழிச்சுப் பாத்தா..."

போனைப் பசையிடம் கொடுத்துவிட்டுப் படிகளில் ஓடினேன்.

* * *

நான் போய்ச் சேரும்போது அத்தான் டாக்ஸியோடு வாசலில் நின்றார். பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுக்காரரும் அவருமாகப் படிகளில் இறக்கினார்கள். அத்தான் டாக்ஸியில் முன்னால் உட்கார்ந்தார். அக்கா பின்னால் இடதுபக்கம் சாய்ந்து, தலையை என் மடியில் வைத்திருந்தாள். இரண்டு கைகளும் வயிற்றின்மேல். அவள் அழவில்லை. அப்படி ஒரு கவனத்தோடு யாரும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சிக்னலில் நின்றோம். அத்தான், பழக்க தோஷத்தில், இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார்.

"ஏதாவது சொல்லுடி," என்றாள் அக்கா. "எது வேணாலும். சும்மா இருக்காத."

எனக்கு நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் புத்தகத்தில் அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை புத்தகத்தில் இருந்ததைச் சொல்லித்தான் கெடுத்திருந்தேன். கண்ணாடியில் அத்தானின் முகம் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ராணிக்கும் இப்படி ஆச்சு," என்றேன்.

அக்கா தலையைத் திருப்பினாள்.

"வயித்துல இருந்த பிள்ளைக்கு எல்லாம் தெரியுமாம். நாம அசைஞ்சா அம்மாவுக்கு வலிக்குமேன்னு நினைச்சுதாம். கையைக் காலை மடக்கிட்டு அப்படியே அசையாம இருந்துடுச்சாம். அம்மா பயந்துட்டா. போயிடுச்சுன்னே நினைச்சுட்டா. அழுதா. அரண்மனையில பாட்டையெல்லாம் நிறுத்திட்டாங்க."

"அப்புறம்?"

"பிள்ளைக்கு அது தெரிஞ்சுது. நாம நல்லது செய்யப்போய் அம்மாவை அழவச்சுட்டோமேன்னு. கொஞ்சமா அசைஞ்சுது. ரொம்பக் கொஞ்சம்."

சிக்னல் விழுந்தது. டாக்ஸி கிளம்பியது.

அக்கா வயிற்றை மெல்லத் தடவினாள். பிறகு தன் வயிற்றைப் பார்த்துப் பேசினாள். அறிவிப்புக் குரல் இல்லை. ரகசியக் குரல்.

"எனக்கு வலிக்காதுடா. நல்லா உதை. எவ்வளவு வேணாலும் உதை."

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அதன்பிறகு அவர் எந்த வண்டிக்கும் வழிவிடவில்லை.

* * *

மருத்துவமனையில் அக்காவின் வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளைக் கட்டினார்கள். நர்ஸ் ஒரு வட்டமான கருவியை அங்கும் இங்கும் நகர்த்தினார். முதலில் காற்றுச் சத்தம். பிறகு தண்ணீர்ச் சத்தம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எலும்பு வலித்தது.

பிறகு கேட்டது. தூரத்தில் ஒரு குதிரை ஓடிவருவதுபோல. அது நெருங்கி, நெருங்கி, அறை முழுக்க ஓடியது.

அத்தான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"துடிப்பு நல்லா இருக்கு," என்றார் நர்ஸ். "குழந்தை தூங்குது. அதுங்க அடிக்கடி தூங்கும். அம்மா தூங்காததுக்கும் சேத்து இது தூங்குது போல." பிறகு அக்காவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

டாக்டர் வந்தார். நாளை வரை பட்டை இருக்கட்டும் என்றார். துடிப்பில் ஏதாவது மாறினால் இயந்திரம் கூப்பிடும், நர்ஸ்கள் ஓடி வருவார்கள். குழந்தை அசையவும் வேண்டும், அதற்கும் காத்திருப்போம் என்றார். மாத்திரை கொடுத்தார். "இப்ப உங்க வேலை ஒண்ணே ஒண்ணு. தூங்குறது. இதைக்கூட நீங்க செய்யலேன்னா நாங்க எல்லாரும் சேந்து என்ன செய்ய முடியும்?"

அவர் போன பிறகு அத்தான் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போனார். ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. அக்கா திரையில் ஓடும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. மாத்திரை அவளை இழுத்தது. அவள் விடவில்லை.

"இன்னும் அசையலடி."

"துடிக்குதுக்கா. கேக்குதே."

"போன தடவையும்..." என்று தொடங்கி நிறுத்தினாள். "நான் கண்ணை மூடுறப்பல்லாம்தான் ஏதாவது ஆகுது. நானே பாத்துக்கலேன்னா யாரு பாத்துப்பா?"

நான் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் கைகள் இருந்த இடத்தில், வயிற்றின்மேல், என் கையை வைத்தேன். அவள் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். அவளை நான் அப்படித் தொட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"நான்."

"நீயா?" என்றாள். "நீ மேஜைமேலயே தூங்குறவ. போனை எடுத்தவரு சொன்னாரு."

"இப்ப தூங்க மாட்டேன். எனக்கு விரல்ல கேக்கும்க்கா. அதுதான் என் வேலை. கல்லுல எது சேருது, எது சேரலன்னு விரல்லதான் பாப்பேன். இது கல்லைவிடச் சுலபம்."

அவள் என்னையே பார்த்தாள். நான் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"கையை எடுக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"அசைஞ்சா உடனே எழுப்பணும். உடனே."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னு சொல்றேன்ல."

"இல்ல, சத்தியமா எழு..." என்றாள். சொல் பாதியில் நின்றது. இமைகள் ஒருமுறை உயர்ந்தன. பிறகு இறங்கின. அவள் வாய் லேசாகத் திறந்தது. குதிரை ஓடிக்கொண்டே இருந்தது.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தூக்கத்தில் அவளுக்கு வயது குறைந்துபோனது. அறையில் அந்தச் சத்தமும் வெளிச்சமும் மட்டும் இருந்தன. என் கைக்குக் கீழே அவள் மூச்சு ஏறி இறங்கியது. எனக்கும் கண் இழுத்தது. உள்ளங்கையை மட்டும் நினைத்துக்கொண்டேன். ஓர் அகலமான, சூடான இருட்டில் என் கை மட்டும் முழித்திருப்பதுபோல் இருந்தது.

அது வந்தபோது வெயில் கட்டிலை விட்டுச் சுவருக்குப் போயிருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டலாமா என்று யோசித்ததுபோல, ஒரு சின்ன அழுத்தம். போய்விட்டது. நான் மூச்சை நிறுத்தினேன். மறுபடியும். இந்த முறை யோசிக்காமல், நன்றாக, ஒரு உதை.

இயந்திரத்தின் கோடு ஒரு சின்ன மலை ஏறி இறங்கியது.

அத்தான் வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"அசைஞ்சுதா?" என்றார், உதடுகளால் மட்டும்.

தலையாட்டினேன். அவர் இரண்டே எட்டில் கட்டிலுக்கு வந்து அக்காவின் தோளைத் தொடப்போனார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம் அத்தான்."

"எழுப்பச் சொன்னாளே? வெளியில கேட்டுச்சு."

"சொன்னா."

"எழுப்பலேன்னா நம்மள உயிரோட விடமாட்டா."

"விட வேண்டாம்," என்றேன். "அவ தூங்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். திறந்த வாயை, தலையணையில் ஒட்டியிருந்த முடியை, போர்வைக்கு வெளியே வந்திருந்த ஒரு பாதத்தை. மெதுவாகத் தரையில் முட்டிபோட்டு, கையை நீட்டினார். அவருக்குப் பெரிய கை. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. எங்கே வைப்பது என்று தெரியாமல் அது காற்றில் நின்றது. நான் அதை எடுத்து, அடி விழுந்த இடத்தில் வைத்தேன்.

நாங்கள் காத்திருந்தோம்.

"ஒண்ணும் இல்லையே," என்று கிசுகிசுத்தார்.

"இருங்க."

அவர் முகம் மாறியது. தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வரப்பார்த்தது. இன்னொரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா புரண்டு, முகத்தை எங்கள் பக்கம் திருப்பி, இன்னும் ஆழமாகத் தூங்கினாள்.